அண்ணியின் மூச்சும் என் எச்சிலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணிக்கு மூச்சு வாங்கியதற்குக் காரணம் கபடியில் எங்களுக்கு எதிரணியான ஆலங்கரைக்காரிகள் வைத்த செய்வினை இல்லை. நான்தான். ஊரில் இந்தக் கதையை நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கதையில் நான் பொறாமையில் மருந்தை மாற்றி வைத்தேனாம். இன்னொன்றில் எனக்கும் ஆலங்கரை வேன் டிரைவருக்கும் காதலாம். அந்த ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எதையும் நம்ப வேண்டாம், நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்கள் அணி கீழமூவேலி செம்பருத்தி மகளிர் கபடிக் குழு. கேப்டன் என் அண்ணி தில்லைநாயகி. பாடிப் போவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பவளக்கொடி, இடது கார்னர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. பிடித்தால் விடமாட்டேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அண்ணியோ முப்பத்தோரு வயதிலும் மான்குட்டி போலத் துள்ளுவார். ஆனால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா.

கபடிக்காரிக்கு ஆஸ்துமா என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளியின் களத்துக்குள் போய், தொட்டு, அதே மூச்சோடு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டிய விளையாட்டு இது. நடுவில் மூச்சு அறுந்தால் அவுட். அண்ணிக்கு மன்னார்குடியில் ஒரு டாக்டர் இருந்தார். மூன்று வருடம் இதைக் கொடுத்துப் பார்த்து, அதை நிறுத்திப் பார்த்து, கடைசியில் அண்ணிக்குக் கேட்கிற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதை இழுத்துக்கொண்டு அண்ணி பத்து வருடம் ஜாம் ஜாமென்று ஆடினார்.

அப்புறம்தான் மரபணு அட்டை வந்தது.

ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருத்தருக்குக் கேட்கிறது, இன்னொருத்தருக்குக் கேட்பதில்லை. அது அவரவர் மரபணுவில் உள்ள வேறுபாட்டால் வருவது. எச்சிலை ஒரு சின்னக் குழாயில் துப்பிக் கொடுத்தால் இயந்திரம் அதைப் படித்து, யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று அட்டையில் எழுதிவிடும். அதற்கப்புறம் அட்டை சொன்னதுதான் மருந்து. டாக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஆரம்பத்தில் இந்த இயந்திரம் எல்லாவற்றையும் படித்தது. யார் யாருக்கு உண்மையான அப்பா, மீசையை முறுக்குகிற பெரிய மனிதரின் முப்பாட்டனார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதையெல்லாம் கூசாமல் அச்சடித்துக் கொடுத்தது. ஒரே தை மாதத்தில் எங்கள் தாலுகாவில் பதினேழு கல்யாணம் நின்று போனது. அரசாங்கம் பயந்துபோய்ச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி இயந்திரம் மருந்துக்குச் சம்பந்தப்பட்ட நாற்பது இடங்களை மட்டும்தான் பார்க்கலாம், மற்ற பக்கம் திரும்பக்கூடக் கூடாது. அதனால் எச்சில் யாருடையது, ஆணா பெண்ணா என்பதுகூட அதற்குத் தெரியாது. நல்ல சட்டம்தான். எங்களைப் போன்ற ஆட்கள் இருப்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஊரில் மற்றவர்களுக்கு முன்னால், லீக் நடத்துகிறவர்கள் விளையாட்டுக்காரர்களிடம் எச்சில் கேட்டார்கள். அட்டை இருந்தால்தான் ஆட லைசென்ஸ் என்றார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் களத்திலேயே துப்பி, பெயர் ஒட்டி, மாஸ்டரிடம் கொடுத்தோம். அமிர்தலிங்கம் மாஸ்டர் எங்கள் பயிற்சியாளர், பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கை எவ்வளவு நம்புவாரோ அதே அளவு செய்வினையையும் நம்புவார். அன்று சாயங்காலம் அவர் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"பவளம், இந்தக் குழாயெல்லாம் எந்த வேன்ல போவுது தெரியுமா?"

"கவர்மென்ட் வேன்ல, மாஸ்டர்."

"டிரைவர் எந்த ஊரு?"

"ஆலங்கரை."

"அப்பறம்?" என்று என்னை முறைத்தார். "போன வருசம் நம்ம களத்து மூலையில எலுமிச்சம்பழம் பொதைச்சு வச்சவனுங்க. அவனுங்க கையில கேப்டன் எச்சில் சிக்குனா என்னாவும்? முடி, நகம், எச்சில். இது மூணும்தான் அவனுங்களுக்கு வேணும்."

"என்னோட எச்சிலும்தான மாஸ்டர் போவுது?"

"உனக்கு வச்சா பாத்துக்கலாம்."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் அவர் அண்ணியின் குழாயைக் கழுவி நீட்டியபோது மறுக்கத் தோன்றவில்லை. பாடிப் போகிறவருடைய மூச்சைத்தான் முதலில் கட்டுவார்கள் என்று நானும் நம்பினேன். அண்ணியைக் காப்பாற்றுகிற பெருமையோடு அந்தக் குழாயிலும் துப்பினேன். அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

நாலு மாதம் கழித்து, இனிமேல் ஆஸ்துமாவுக்கும் அட்டைப்படிதான் மருந்து என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிவித்தார்கள். அண்ணியின் பழைய மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, வாயில் வைத்து இழுக்கிற புது பஃபர் ஒன்றைக் கொடுத்தார்கள். அட்டையில் 'இந்த மருந்து இவருக்கு மிக நன்றாகக் கேட்கும்' என்று அழகாக அச்சடித்திருந்தது.

முதல் இரண்டு வாரம் கேட்டது. அண்ணிகூடச் சந்தோஷப்பட்டார். அதற்கப்புறம் மாடிப்படி ஏறினால் நின்றார். பிறகு ஈரத் துணியை உதறினாலே இருமல் வந்தது. ஆடி மாதம் திருத்துறைப்பூண்டி மேட்ச்சில் எதிர்க்களத்தின் நடுவில் அவருடைய பாட்டு பட்டென்று அறுந்தது. அவரை யாரும் பிடிக்கவே இல்லை. அங்கேயே குனிந்து, முழங்காலில் கை ஊன்றி நின்றார். எதிரணிப் பெண்கள்கூடக் கைதட்டவில்லை.

"பாத்தியா, வச்சுட்டானுங்க," என்றார் மாஸ்டர். "எச்சிலக் காப்பாத்துனோம். எங்கயோ நகம் மாட்டிருக்கு."

சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா சிஸ்டர் இருந்தார். நல்ல மனுஷி, ஆனால் அட்டையின் மேல் அபார நம்பிக்கை. பஃபரைத் தட்டிப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மருந்து உங்களுக்குக் கேக்கணுமே தில்லை. நீங்க சரியா இழுக்குறது இல்லன்னு நெனைக்கிறேன்."

திரையில் வந்த டாக்டரும் அதையே சொன்னார். மனசில் ஏதாவது கவலையா என்று வேறு கேட்டார். என் அண்ணன் வீட்டில், "வயசாவுதுல்ல, விட்டுட்டு நிம்மதியா இரேன்," என்றான். அணியில் சின்னப் பெண்கள் இருவர், கேப்டன் தோற்கப் போகிற மேட்ச்சாகப் பார்த்து மூச்சு இழுக்கிற மாதிரி நடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அட்டை தப்பாக இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அட்டை எச்சிலிலிருந்து வந்தது, எச்சில் பொய் சொல்லுமா? அதனால் பொய் சொல்வது அண்ணி என்று ஆகிவிட்டது.

எனக்கு எப்போது உறைத்தது என்று கேட்டால், வெட்கமாக இருக்கிறது, வெகு தாமதமாகத்தான். ஒரு நாள் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் எச்சில்தான் உங்கள் மருந்தைத் தீர்மானிக்கிறது' என்று போட்டிருந்தது. இரண்டாம் தடவை படித்தேன். அண்ணியின் அட்டையில் இருந்த அந்த 'இவர்' நான். அந்த மருந்து எனக்குத்தான் மிக நன்றாகக் கேட்கும். எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

மாஸ்டரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெளியில சொன்னா மாத்தி எச்சில் கொடுத்தவங்களுக்கு ரெண்டு வருசம் தடை. உனக்கு மாநில அணிச் செலக்சன் வருது பவளம். மூணு வாரம் பொறுத்துக்க. அதுக்குள்ள ஒரு பூசணிக்கா சுத்தி ஒடச்சிடுறேன்."

"பூசணிக்கா ஒடச்சா மருந்து மாறிடுமா மாஸ்டர்?"

"அது தெரியாது. ஒடச்சா தப்பில்லல்ல?"

நான் பொறுத்தேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் நாக்கு கூசுகிறது. ஒன்பது வருடம் அடுத்தவர் கணுக்காலைப் பிடித்தே முழங்கால் தேய்ந்தவள், மாநில அணிச் சட்டையைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அண்ணியின் அறைக்குள் போனேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, காலி பஃபரை வாயில் வைத்து, இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். எதிரில் சிஸ்டர் கொடுத்த படத்தாளைச் செருகி வைத்திருந்தார். கழுத்தை நிமிர்த்து, மெதுவாக இழு, பத்து எண்ணு. பத்து வருடம் மாவட்டத்தையே நடுங்க வைத்த பெண், பள்ளிக்கூடப் பிள்ளை போல விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆறிலேயே இருமல் வந்துவிட்டது.

"இழுக்கத் தெரியலடி எனக்கு," என்றார் சிரிக்க முயன்றுகொண்டே. "எல்லாருக்கும் வர்றது எனக்கு மட்டும் வரல. எங்கயோ தப்பு பண்றேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் மேலேயே அப்படி ஒரு கோபம். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். செருப்புகூடப் போட விடவில்லை.

ஜெசிந்தா சிஸ்டர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டினேன். டிரைவர், எலுமிச்சம்பழம், தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாய் எல்லாம். அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ நான் சரியாத்தான் இழுத்தேனா?"

"சரியாத்தான் இழுத்தீங்க அண்ணி."

"நீ துப்புனதுக்கா நான் எட்டு மாசமா இருமுனேன்?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னை நாலு சாத்து சாத்தினார். மூச்சு வாங்கியதால் அதோடு நிறுத்தி, உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அழுதார். அப்புறம் சிரித்தார். தான் பொய்க்காரி இல்லை என்பது அவருக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து நானும் சேர்ந்து அழுதேன்.

சிஸ்டர் புதுக்குழாயை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பினார். இப்போது இயந்திரம் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டதால் முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது.

"என்ன வித்தியாசம் சிஸ்டர்?" என்றேன்.

"ஒரே ஒரு எழுத்து," என்றார் சிஸ்டர். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "மூச்சுக்குழாய்ல மருந்து வந்து ஒக்கார ஒரு நாற்காலி இருக்குன்னு வச்சுக்கோ. அந்த நாற்காலியச் செய்யற குறிப்பு மரபணுல இருக்கு. உன் குறிப்புல செஞ்ச நாற்காலி அசையாது, மருந்து எத்தனை நாள் வந்தாலும் ஒக்காரும். இவங்க குறிப்புல அந்த எழுத்து வேற. தெனமும் விருந்தாளி வந்தா ரெண்டு வாரம் பாக்கும். அப்பறம் நாற்காலியத் தூக்கி உள்ள வச்சிடும். மருந்து வந்து நின்னு பாத்துட்டுப் போவுது."

"அப்போ எனக்கு மருந்தே இல்லையா?" என்றார் அண்ணி.

"இருக்கு. அது வேற வாசல்ல வர்ற மருந்து." சிஸ்டர் திரையைப் பார்த்தார். "மன்னார்குடி டாக்டர் கொடுத்தாரே, அதேதான். நான்தான் உங்க கையிலேருந்து புடுங்கி வச்சேன். மன்னிச்சிருங்க தில்லை. நீங்க சொன்னதக் கேக்காம அட்டை சொன்னதக் கேட்டேன்."

அட்டை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். எங்கள் குழாய்களைத் தோண்டப் போய், லீக்கில் இருந்த எல்லா அணிகளுடைய பதிவையும் எடுத்துப் பார்த்தார். அங்கேதான் கூத்து. ஆலங்கரை இடிமுழக்கம் அணியில் பன்னிரண்டு பேருக்கும் நாற்பது இடங்களிலும் ஒரே எழுத்து. அவர்களுடைய குழாய்கள் ஒரு நாள் எங்கள் ஊர் சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜில் தங்கிப் போக வேண்டியிருந்தது. நாங்கள் ஏதாவது வைத்துவிடுவோம் என்று பயந்து, வேன் டிரைவரே பன்னிரண்டு குழாயிலும் துப்பிக் கொடுத்திருக்கிறார்!

"பன்னெண்டு பேருக்கும் ஒண்ணா இருந்தப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா சார்?" என்று கேட்டேன்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "சொந்தத்துலயே கட்டிக்கிறவங்கன்னு எழுதி வச்சிட்டோம். அதைப் பத்தி ஒரு கட்டுரைகூட வந்திருக்கு."

அவர் மேலும் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது. இந்தப் பொய் எச்சில்களை வைத்து, எங்கள் வட்டாரத்துக்கு அந்த வேறு வாசல் மருந்து தேவையில்லை என்று முடிவு செய்து, அதன் சப்ளையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். எங்களுடைய பயத்தினால், கபடியே ஆடாத எத்தனை பேர் இருமிக்கொண்டிருந்தார்களோ தெரியாது. சப்ளையைத் திரும்ப ஏற்றும்வரை ஊரில் யார் இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நானே வந்து சொன்னதால் தடையை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். மாநில அணி கையைவிட்டுப் போயிற்று. மாஸ்டரும் ஒரு வருடம் களத்துக்குள் காலை வைக்கக் கூடாது. கூடவே எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். தாலுகாவில் உள்ள எல்லா அணிகளிடமும் மறுபடி எச்சில் வாங்கித் தர வேண்டும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். குழாய் ஊரைவிட்டுப் போகக் கூடாது. இயந்திரம் களத்துக்கு வர வேண்டும், கண் முன்னால் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் குழாயை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார். எங்கள் அணிப் பெண்கள் தங்கள் குழாய்களைக் கற்பூரத்தோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்றம் தாங்கவில்லை.

கடைசியாக ஆலங்கரைக்குப் போனேன். இடிமுழக்கத்தின் கேப்டன் கோமளவல்லி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளைப் பல தடவை கணுக்காலில் பிடித்து மண்ணில் சாய்த்திருக்கிறேன். கிட்டே போனதும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"உனக்கு எதுக்கு? ஒங்க ஊர்ல வச்சதுதான."

"நாங்க வைக்கல. நீ இழுக்குறது ஒங்க வேன் டிரைவரோட மருந்து."

அவள் திரும்பி டிரைவரைப் பார்த்தாள். அவர் வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

"சரி, ஒன்ன நம்பி எச்சில் தரணுமா? அதயும் மாத்திக் கொடுத்தவதான நீ?"

நியாயமான கேள்வி. கூடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அவள் கண் முன்னால் நிரம்பத் துப்பி, மூடி, அவள் கையில் வைத்தேன்.

"இந்தா, என்னோடது. ஒன்னோடத என் கையால திருப்பிக் குடுக்கற வரைக்கும் இத வச்சுக்க. ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குச் செஞ்சுக்க."

கோமளவல்லி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்துவிட்டு, இன்னொரு குழாயை எடுத்தாள். அவளுக்கும் அண்ணியின் எழுத்துதான் வந்தது.

பொங்கலுக்கு மறுநாள் இறுதிப் போட்டி. செம்பருத்தியும் இடிமுழக்கமும். தடைக்காரர்களான மாஸ்டரும் நானும் வேலிக்கு வெளியே நின்றோம். அண்ணி எட்டுத் தடவை பாடிப் போனார், ஏழு தடவை புள்ளியோடு வந்தார். எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.

கடைசி ரெய்டுக்குக் கோமளவல்லி வந்தாள். வழக்கமாக அவள் பாட்டு பாதியிலேயே தேய ஆரம்பிக்கும், அதற்காகத்தான் எங்கள் பெண்கள் காத்திருந்தார்கள். அன்றைக்குத் தேயவே இல்லை. கணீரென்று பாடிக்கொண்டே வலது பக்கம் ஒருத்தியைத் தொட்டாள். இடது கார்னரில் எனக்குப் பதிலாக நின்ற பெண் அவள் காலைப் பிடித்தாள், பிடி நழுவியது. கோமளவல்லி இழுத்துக்கொண்டு, பாடிக்கொண்டு, நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தாள். இரண்டு புள்ளி. ஒரு புள்ளியில் நாங்கள் தோற்றோம்.

"எதிராளிக்கு மூச்சு வாங்கிக் கொடுத்தவளே!" என்று மாஸ்டர் வேலியில் தலையை முட்டிக்கொண்டார்.

அண்ணி களத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் மண். என் காதைப் பிடித்தார். பிடித்து ஆரம்பித்தார். ஒழுங்கா ஒரு குழாயில் துப்பியிருந்தால் கார்னரில் நீ நின்றிருப்பாய், நீ நின்றிருந்தால் அந்தக் காலை விட்டிருப்பாயா, மாஸ்டர் சொன்னால் கிணற்றிலும் குதிப்பாயா, புத்தி எங்கே போச்சு, மாநிலச் சட்டை உனக்கு எவ்வளவு அழகாக இருந்திருக்கும், உன் அண்ணனைக் கட்டியதே தப்பு, உன்னை நாத்தனாராக வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு என்று களத்து வாசலில் தொடங்கி பஸ் நிறுத்தம்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடந்தேன். எங்கேயாவது ஒரு இடத்தில் மூச்சு வாங்க நிற்பார் என்று கவனித்துக்கொண்டே வந்தேன். பஸ் வரும்வரை அவர் நிற்கவே இல்லை.